கல்லுக்கு மேலே ஒரு பெட்டி

ஜூலை 2, புதன்

என் கையெழுத்தை முதலில் மன்னித்துவிடுங்கள். இதை யார் படிப்பீர்கள் என்று தெரியாது. யாராக இருந்தாலும் மன்னிக்க வேண்டும். ஓர் எழுத்து பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் இருக்கிறது. கோடு போட்ட நோட்டுத்தான். ஆனாலும் என் வரி கோட்டை விட்டு ஏறி இறங்குகிறது. நாற்பது வருஷம் தோசைக் கல்லில் கரண்டியைச் சுற்றிய கை இது. வட்டம் உள்ள எழுத்தெல்லாம் ஒழுங்காக வருகிறது. ட, ப மாதிரி நேர்க்கோட்டு எழுத்துகளில்தான் தடுமாறுகிறது.

என் பெயர் அவிநாசியப்பன். ஈரோட்டில் ஜவுளிச் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் டிபன் கடையில் தோசை மாஸ்டர். வயது அறுபத்தாறு. மாநகராட்சிப் பள்ளியில் பெரியவர்களுக்கு மதியம் வகுப்பு நடக்கிறது. காலை டிபனுக்கும் மாலை டிபனுக்கும் நடுவில் மற்றவர்கள் தூங்குவார்கள். நான் வகுப்புக்குப் போனேன். "வாரம் ஒரு பக்கமாவது எழுதுங்க, இல்லைன்னா எழுத்து மறந்துரும்" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை எனக்கு விடுமுறை. அதனால் புதன்கிழமை எழுதலாம் என்று இருக்கிறேன். மற்ற நாளும் எழுதலாம், ஆசை வந்தால்.

இந்த வயதில் ஏன் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு முன்னால் முதலாளி செல்லமுத்து என்னைக் கூப்பிட்டார்.

"கல்லுக்கு மேல திரை வெக்கப் போறேனுங் மாஸ்டர். ஆர்டரெல்லாம் அதுல எழுத்தா வரும். சப்ளையருங்க கத்த வேண்டியதில்லை. ஏசி ஹாலுக்கு வர்றவங்க காதைப் பொத்திக்கறாங்க. உங்களுக்குத்தான் படிக்க வராதே, நீங்க வெங்காயம் நறுக்கற பக்கம் போயிருங்க. கல்லுக்குப் பெருந்துறைல ஓர் ஆளைப் பார்த்து வெச்சிருக்கறேன்."

"திரை எப்பங் வரும்?"

"ஆடிக்கு முன்னால வந்துரும்."

"அதுக்குள்ள படிச்சுக்கறேனுங்."

சிரித்தார். மார்ச்சில் நான் பரீட்சையில் தேறிய தாளைக் காட்டியபோது சிரிக்கவில்லை. தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆடிப் பதினெட்டு வரைக்கும் பார்ப்போமுங். அன்னிக்குக் கூட்டத்தைத் திரையைப் பார்த்துச் சமாளிச்சுட்டீங்கன்னா கல்லு உங்களுது. இல்லைன்னா பெருந்துறைக்காரர்" என்றார்.

நாளை மறுநாள் திரை வருகிறது. எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. சில நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை. அது புழுக்கத்தால்.

ஜூலை 4, வெள்ளி

வந்துவிட்டது! பரீட்சை அட்டை அளவில் என் கல்லுக்கு மேலே ஒன்று, இரண்டாம் கல்லுக்கு மேலே ஒன்று. இரண்டாம் கல் பாவாயியுடையது. அவள் ஐந்தாவதுவரை படித்தவள். நான் வெறும் திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஏனுங்கண்ணா, சூடம் காட்டணுமுங்களா அதுக்கு?" என்றாள்.

முதல் ஆர்டர் வந்தது. ஊத்தப்பம். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்ததும் ஆச்சரியமாகிவிட்டது. நாற்பது வருஷமாக ஊற்றுகிறேன், அதை எழுத்தில் பார்ப்பது இதுதான் முதல்முறை. இவ்வளவு நீளமா அது!

இதைச் செய்தவர் கோகிலவாணி என்ற பெண். முப்பது வயது இருக்கும். மேட்டூர் ரோட்டில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஆபீஸ். ஏணி வைத்து ஒயர் மாட்டுகிறவரோடு அவரும் வந்திருந்தார். இது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஏணியைப் பிடித்திருந்ததை விட்டுவிட்டு வந்து சொன்னார்.

"உள்ள ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் இருக்கான்னு வெச்சுக்கங்க மாஸ்டர். உங்க கல்லுக்கு ஓர் ஆள், அக்கா கல்லுக்கு ஓர் ஆள், ஒவ்வொரு மேசைக்கும் ஓர் ஆள். நெச ஆளில்லைங்க, நாங்க எழுதி வெச்ச ஆள். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பெட்டி. அடுத்தவன் பெட்டிக்குள்ள யாரும் கை விடக் கூடாது. சொல்ல வேண்டியதைச் சீட்டா எழுதி அவன் பெட்டியில போட்டுட்டு, தன் வேலையைப் பார்க்கப் போயிரணும்."

"பதிலுக்குக் காத்து நிக்க வேண்டாமுங்களா?"

"நிக்கவே கூடாதுங்க. நின்னா நின்னவன் வேலை கெட்டுரும்."

சப்ளையர்கள் கல்லுக்கு முன்னால் நின்று "ஆச்சா, ஆச்சா" என்று உயிரை எடுத்ததை நினைத்துக்கொண்டேன். யாரோ யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

அவர் போன பிறகு முதலாளி வந்து, "ஆர்டர் வந்தா வலதுபக்கம் இருக்கற பச்சை டிக்கைத் தொடணுமுங். அவ்வளவுதான் உங்க வேலை" என்று காட்டிக்கொடுத்தார். அதற்குள் அவருக்குப் போன் வந்தது, போய்விட்டார்.

அந்த டிக் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்கள் அப்பன் காட்டின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் இந்தக் கோடியிலிருந்து உடனே "ஓய்" என்று குரல் கொடுக்க வேண்டும். கையில் இருப்பதை முடித்துவிட்டுக் குரல் கொடுக்கிறவன் மரியாதை தெரியாதவன். திரையிலும் அப்படியே செய்கிறேன். ஆர்டர் வந்தவுடன் டிக்கைத் தொடுகிறேன். எழுத்து மங்கிக் கீழே போய் வரிசையில் உட்காருகிறது. அங்கிருந்து பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொள்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று ஓர் ஆர்டரைக்கூட பதில் சொல்லாமல் விடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இன்று சந்தை நாள். நடந்ததைச் சொல்ல நிறைய எழுத்து வேண்டும். கை தாங்குகிறவரை எழுதுகிறேன்.

கேரளாவிலிருந்து துணி எடுக்க வந்தவர்கள் காலையிலேயே கடையை நிறைத்துவிட்டார்கள். ஓர் ஆர்டர் வந்தது. தொட்டேன். உடனே இன்னொன்று. தொட்டேன். இன்னொன்று. தொடத் தொட வந்தது. மங்கிய வரிசை திரையின் அடிவரைக்கும் போய், அதற்குக் கீழேயும் எங்கோ போனது. முதலில் வந்தது எது என்று எனக்கே தெரியவில்லை.

பாவாயி சுவரில் சாய்ந்து தட்டால் விசிறிக்கொண்டிருந்தாள். "எனக்கு வேலையே வர மாட்டேங்குதுங்கண்ணா. உங்களுக்கு மட்டும் சம்பந்தி வீட்டுச் சீர் மாதிரி வந்துட்டே இருக்குது."

கொஞ்ச நேரம் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. என் திரையை எட்டிப் பார்த்து அதில் இருந்ததைத் தன் கல்லில் ஊற்ற ஆரம்பித்தாள். எதை எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. எதை நான் ஊற்றினேன் என்று அவளுக்குத் தெரியாது. மூன்றாம் மேசைக்கு நெய் ரோஸ்ட் இரட்டை இரட்டையாகப் போனது. எட்டாம் மேசைக்கு ஒன்றும் போகவில்லை. எட்டாம் மேசைக்காரர் காத்திருந்து காத்திருந்து, எழுந்து போய்க் கை கழுவிவிட்டு, சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். பழக்க தோஷத்தில் கழுவியிருப்பார், பாவம்.

முதலாளி கத்தவில்லை. சந்தை கலைந்த பிறகு வந்து, மிஞ்சிப்போய்க் குவிந்து கிடந்த தோசைகளைப் பார்த்தார். "என்ற போன்லயேதானுங் இருக்குது, பெருந்துறைக்காரர் நம்பர்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருக்கலாம்.

ஜூலை 9, புதன்

காலையில் கோகிலவாணி போன் செய்தார். "இன்னிக்கு லீவுதானுங்களே மாஸ்டர்? ஆபீசுக்கு வர முடியுமுங்களா? உங்களைப் பார்த்தே ஆகணும்." திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

நான் உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

சுவரில் பெரிய திரை. அதில் வட்டம் வட்டமாக நிறைய. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பெயர். ஒரு வட்டத்தில் என் பெயர். சத்தமாகப் படித்தேன். அவ்வளவு பெரிய எழுத்தில் என் பெயரை நான் பார்த்ததில்லை.

"எத்தனையோ கடைக்கு இதைப் போட்டிருக்கோமுங்க," என்றார் கோகிலவாணி. "உங்களை மாதிரி வேகம் எங்கயும் பார்க்கலை. ஆர்டர் வந்து கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சுடறீங்க. எப்படீங்க மாஸ்டர்?"

"கல்லு நல்லாக் காஞ்சிருக்கணுமுங்" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் அதைத் தட்டச்சு செய்துகொண்டார். நேற்று எட்டாம் மேசைக்காரர் போனதை நான் சொல்லவில்லை. மெச்சுகிறவர்களை நடுவில் நிறுத்துவது அழகில்லை.

எனக்குக் கேட்க வேண்டியது வேறு இருந்தது. "இந்த வட்டத்துல ஒருத்தன் விழுந்துட்டா என்னுங் ஆகும்?"

"விழட்டும்னு விட்டுருவோமுங்க."

"ஐயோ!"

"ஒவ்வொருத்தனுக்கும் மேல ஒரு கங்காணி இருக்கான் மாஸ்டர். கீழ இருக்கறவன் விழுந்தா, ஏன் விழுந்தேன்னு அவன்கிட்ட வம்பளந்துட்டு இருக்க மாட்டான். தூக்கிப் புதுசா நிறுத்திருவான். மத்தவங்க பாட்டுக்கு அவங்கவங்க வேலையைப் பார்ப்பாங்க. இங்க பாருங்க."

ஒரு வட்டத்தைத் தொட்டார். சிவந்து அணைந்தது. நான் எச்சில் விழுங்குவதற்குள் அதே இடத்தில் பச்சையாக எழுந்து நின்றது.

"விழுந்தது அவனுக்கு நெனப்பிருக்குமுங்களா?"

"இருக்காதுங்க. அவன் மனசுல வெச்சிருந்தது எல்லாம் போயிரும். பெட்டியில இருக்கற சீட்டு மட்டும் அப்படியே இருக்கும். அதை எடுத்து வேலையைத் தொடங்கிருவான்."

நல்ல பிழைப்பு. மனிதனுக்கும் அப்படி ஒரு வசதி இருந்தால் எட்டாம் மேசையை நான் நேற்றே மறந்திருப்பேன்.

இன்னொன்றும் சொன்னார். சீட்டுப் போடுகிறவனுக்குப் பெறுகிறவன் எங்கே இருக்கிறான் என்று தெரிய வேண்டாமாம். பெயர் தெரிந்தால் போதுமாம். பக்கத்து அறையில் இருந்தாலும் அமெரிக்காவில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் போடுவானாம். வீடு வந்து சேரும்வரை இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். அதனால் என்ன, அடுத்த நிறுத்தத்தின் பெயரைப் படித்துவிட்டு நடந்து வந்தேன்.

அடுத்த செவ்வாய் கடைக்கு வந்து என்னைப் படம் எடுக்கப் போகிறாராம். மற்றக் கடைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவதற்கு. வாங்க என்று சொல்லிவிட்டேன். இன்றும் புழுக்கம் அதிகம்.

ஜூலை 12, சனி

கங்காணி தூக்கி நிறுத்துவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இரண்டு நாளாக அரிப்பு. கூட்டம் தணிந்த நேரம் பார்த்து என் திரையின் ஒயரைப் பிடுங்கினேன்.

திரை கறுத்தது. நான் காத்திருந்தேன். அடுத்து வந்த ஆர்டர் தானாகப் பாவாயிக்குப் போனது. அதற்கடுத்ததும் அவளுக்கே போனது. "எனக்கு வேலை வருதுங்கண்ணா!" என்று கூவினாள். ஒயரைச் செருகினேன். சற்று நேரத்தில் திரை எழுந்தது. எனக்காகக் காத்திருந்த ஒன்று அப்படியே பெட்டியில் இருந்தது. எத்தனை நேர்மை!

முதலாளி ஓடி வந்தார். "கரண்ட் போயிருச்சுங்களா மாஸ்டர்?"

"இல்லீங், நான்தான் புடுங்குனேன். எப்படி எந்திரிக்குதுன்னு பார்த்தேனுங்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "கடை ஓடறப்ப வெளையாடாதீங்க" என்றார்.

அவர் போனதும் பாவாயி, "என்ற ஒயரையும் அடுத்ததாப் புடுங்கி விடுங்கண்ணா. நானும் சித்த நேரம் விழுந்து கெடந்துட்டுப் புதுசா எந்திரிக்கறேன்" என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

கோகிலவாணி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். சந்தைக் கூட்டம் தொடங்கியிருந்தது. ஆர்டர் வந்தது. தொட்டேன்.

"மாஸ்டர், மாவே ஊத்தலைங்களே?"

"ஊத்தறேனுங் அம்மிணி. பதில் சொல்லிட்டேனல்ல?"

அடுத்தது வந்தது. தொட்டேன். அடுத்தது. அவர் போனைக் கீழே இறக்கினார்.

"எதுக்குங்க பதில்?"

அப்பன் கூப்பிட்டால் ஓய் சொல்வதை எடுத்துச் சொன்னேன். ஒருவர் நம்மை நம்பி ஒரு சொல் சொல்கிறார், அதை அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது என்றேன். அவர் அப்படியே பின்வாங்கி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். முதலில் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் எதனால் என்று என்னால் சொல்ல முடியாது.

"அது பதில் இல்லீங்க மாஸ்டர். 'முடிச்சுட்டேன், அடுத்தது குடு'ன்னு நீங்க கேக்கறது. வேலை தானா வந்து யார் தலையிலயும் விழக் கூடாதுங்க. வேகமா அனுப்பறவன் மெதுவாச் செய்யறவனை முக்கிரக் கூடாது. அதனால, வாங்கறவன் கேட்டாத்தான் போகும். அவனால முடியற அளவுக்குத்தான் போகும். அதுக்காகத்தான் அந்த டிக்கையே வெச்சோம்."

"அப்ப இத்தனை நாளா நானே கேட்டுக் கேட்டு வாங்கி முங்கியிருக்கறனுங்களா?"

"ஆமாங்க. அக்காவுக்குப் போக வேண்டியதையும் சேர்த்து."

"நான் அப்பவே நெனச்சேன்," என்றாள் பாவாயி. "கேக்காம எந்தச் சம்பந்தி சீர் செய்வான்?"

முதலாளி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "அப்ப மாஸ்டர் வேகம்னு எங்கிட்டச் சொன்னீங்களே அம்மிணி, அது?"

கோகிலவாணி எழுந்து நின்றார். "அது வேகம் இல்லீங்க சார். மரியாதை."

படம் எடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனால் அதைவிட, ஒரே ஒரு பச்சைக் கோட்டுக்குள் இவ்வளவு யோசனையை அடைத்து வைத்திருக்கிறார்களே என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

ஜூலை 17, வியாழன்

கை தானாகப் போகிறது. பாவாயி கரண்டிக் காம்பால் என் மணிக்கட்டில் தட்டுகிறாள். பதில் சொல்லாத ஆர்டர், வாசலில் வந்து நிற்கிறவரை "வாங்க" என்று கூப்பிடாத மாதிரி உறுத்துகிறது. தோசை வேகும்வரை அந்த ஆர்டரின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

கோகிலவாணி வந்தார். எனக்காகத் திரையில் ஒரு சின்ன மஞ்சள் பொட்டு வைத்திருக்கிறாராம். ஆர்டர் வந்ததும் அதைத் தொட்டுக்கொள்ளலாமாம்.

"தொட்டா எங்கீங் போகும்?"

"எங்கயும் போகாதுங்க. உங்க மனசுக்கு."

யோசித்துப் பார்த்தேன். யாருக்கும் போய்ச் சேராத ஓய் எதற்கு? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. இரவெல்லாம் உட்கார்ந்து செய்திருப்பார். ஒரு மசால் தோசை போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகு டிக்கைத் தொட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

சந்தை நாள். கூட்டம் போன வாரத்தைவிட அதிகம். ஒன்று வரும், ஊற்றுவேன், அனுப்புவேன், தொடுவேன். அடுத்தது வரும். பாவாயியும் அப்படியே. இரட்டைத் தோசை இல்லை. எழுந்து போனவர் இல்லை. அடுப்படியில் யாரும் யாரையும் பார்த்துக் கத்தவில்லை. எனக்குச் சந்தோஷம்.

ஆனால் மதியம் கோகிலவாணி வந்து முதலாளிக்குக் கணக்குக் காட்டினார். இப்போது உள்ளது உள்ளபடி தெரிகிறதாம். பாவாயி இரண்டு ஊற்றினால் நான் ஒன்று ஊற்றுகிறேன்.

நான் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"அவருக்கும் சமமாத் தள்ளி விடுங்க அம்மிணி. தலைக்கு மேல வந்தாத் தானா வேகம் வரும்."

"அவர் கேட்டாத்தான் போகுமுங்க சார். நீங்க கேட்டாப் போகாது. அதை மாத்துனா, முந்தி ஒரு செவ்வாக்கெழமை பார்த்தீங்களே, அதுதான் மறுபடியும் நடக்கும்."

"அப்ப ஆளைத்தான் மாத்தணும்."

கல்லில் ஒட்டியது எதுவும் இல்லை. இருந்தாலும் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

எங்கே தாமதமாகிறது என்று எனக்குத் தெரியும். ஊற்றுவதில் இல்லை. படிப்பதில். "வெங்காயம் இல்லாமல், எண்ணெய் குறைவாக" என்று நீளமாக வந்தால் வாய்விட்டுக் கூட்டுகிறேன். "ஒதடு அசையாமப் படிங்கண்ணா, எண்ணெய் தெறிச்சு உள்ள போயிரும்" என்கிறாள் பாவாயி. முயற்சி செய்கிறேன். உதட்டை அடக்கினால் எழுத்து நின்றுவிடுகிறது.

ஜூலை 27, ஞாயிறு

அறைச் சுவரில் சாக்பீஸால் கடையில் உள்ள பலகாரம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். படுத்தாலும் எழுந்தாலும் கண்ணில் படுகிறது. இன்று ஒரு வினோதம் நடந்தது. "முறுகல்" வந்தது. அதை நான் படிக்கவில்லை. பார்த்தேன், தெரிந்துவிட்டது. தெருவில் வருகிறவர் முகத்தைப் பார்த்தவுடன் இன்னார் என்று தெரிகிற மாதிரி. வீட்டு உரிமையாளர் சுவரைப் பார்த்துவிட்டு, இங்கே கிளை திறக்கப் போகிறீர்களா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று ஆடிப்பெருக்கு. கை எழுத மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

இப்போது எழுதுகிறேன். நிதானமாக எழுத வேண்டும்.

ஞாயிறு காலையிலேயே பவானி கூடுதுறையில் முழுகிவிட்டு ஈரத் தலையோடும் புது மஞ்சள் கயிறோடும் வந்தவர்கள், ஆடித் தள்ளுபடிக்கு வந்தவர்கள், இரண்டு கூட்டமும் சேர்ந்துகொண்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் கோகிலவாணி உட்கார்ந்திருந்தார். முதல் மேசையில் சலவைச் சட்டை போட்ட ஒருவர். முதலாளி அவரை அடுப்படிக்குக் கூட்டிவந்தார். அவர்தான் பெருந்துறைக்காரர். நாற்பது வயது. "வணக்கமுங் பெரியவரே" என்று கும்பிட்டார். கெட்டவராகத் தெரியவில்லை. தோள் துண்டுக்குள் சொந்தத் தோசைத் திருப்பியைச் சுற்றி வைத்திருந்தார். போய் மேசையில் உட்கார்ந்து ஒரு கல் தோசை சொன்னார். அது எனக்கு வந்தது. ஊற்றினேன். முழுவதும் சாப்பிட்டார் என்று சப்ளையர் சொன்னான்.

அதன்பிறகு நான் யாரையும் பார்க்கவில்லை. ஒன்று. அதை முடி. தொடு. அடுத்தது. பாதிக்கு மேல் முகம் தெரிந்தவை. நீளமானவற்றைக் கூட்டித்தான் படித்தேன். உதடு அசைந்தது. அசையட்டும் என்று விட்டுவிட்டேன். பாவாயி என்னைவிட வேகமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். அதையும் விட்டுவிட்டேன். அவள் பெட்டி அவளுக்கு.

கூட்டம் உச்சத்தில் இருந்தபோது முதலாளி அடுப்படி வாசலுக்கு வந்தார். அவருக்கும் பழைய பழக்கம் போகவில்லை. இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு கத்தினார்.

"மாஸ்டர்! ஆறாம் மேசைக்கு நாலு முறுகல். தெரிஞ்சவங்க. சட்டுனு!"

தொண்டைவரைக்கும் ஓய் வந்துவிட்டது. கரண்டி மாவுக்குள் இறங்கிவிட்டது. கல்லில் ஒரு தோசை பாதி வெந்திருந்தது. திரையில் ஓர் ஆர்டர் பாதி படித்தபடி நின்றது. பக்கத்துக் கல்லில் பாவாயியின் கரண்டியும் மாவுக்குள் இருந்தது. அவளும் கேட்டிருக்கிறாள்.

"பெட்டியில போடுங்க முதலாளி" என்றேன்.

"என்னுங்?"

"பெட்டியில போடுங்க. எனக்கு வர்றது எனக்கு வரும், பாவாயிக்குப் போறது அவளுக்குப் போகும். நீங்க கத்துனா ரெண்டு பேருமே ஊத்துவோம்."

நான் நிமிரவில்லை. தைரியத்தால் இல்லை, தோசையின் ஓரம் சிவந்துகொண்டிருந்தது. அதைத் திருப்பினேன். மடித்தேன். தட்டில் வைத்தேன். தொட்டேன். அதற்குள் வாசலில் இருந்த செருப்புச் சத்தம் கல்லாப் பக்கம் போய்விட்டது.

சற்று நேரத்தில் ஆறாம் மேசை வந்தது. இரண்டு முறுகல் எனக்கு, இரண்டு பாவாயிக்கு. ஒரே நேரத்தில் நாலும் போயின.

"அண்ணா," என்றாள் பாவாயி மெதுவாக, "வெங்காயம் நறுக்கக் கத்தியைத் தீட்டி வெச்சுக்கங்க."

"நீ உன்ற கல்லைப் பாரு புள்ள."

வெயில் சாயும்வரை ஓடியது. எழுந்து போனவர் யாரும் இல்லை. மாவுப் பானை தரை தட்டியது. ஹாலில் மேசை துடைக்கும் சத்தம் கேட்டது. அடுப்பைக் குறைக்கலாம் என்று குனிந்தபோது என் திரையில் ஒன்று வந்தது.

மேசை எண் இருக்கும் இடத்தில் கல்லா என்று இருந்தது. ஒரு கல் தோசை. அதற்குக் கீழே குறிப்பு. வெங்காயம் வேண்டாம் என்பதெல்லாம் வரும் இடம் அது. ஆனால் இது நீளமாக, இரண்டு வரிக்குப் போனது. நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

பாவாயி எட்டிப் பார்த்துவிட்டாள். அவள் முகம் மாறியது. "படிச்சுக் காட்டட்டுங்களாண்ணா?"

"அந்தப் பக்கம் திரும்பு. இது என்ற பெட்டி."

திரும்பிக்கொண்டாள். முதல் சொல் பெருந்துறை என்று தெரிந்ததும் எழுத்தெல்லாம் கொஞ்சம் ஆடியது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து வந்தேன். "பெருந்துறைக்காரரைப் பஸ் ஏத்தி விட்டாச்சு. நாளைக்குக் காலைல கல்லை நீங்களே பத்த வெச்சிருங்க."

முழுவதும் படித்தேன். இன்னொருமுறையும் படித்தேன். உதடு அசைந்ததா என்று பாவாயியைத்தான் கேட்க வேண்டும். ஜன்னல் வழியாகக் கல்லாவைப் பார்த்தேன். முதலாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்கைத் தொடவில்லை. பானையை வழித்து ஊற்றினேன். கல் தோசைக்கு அவசரம் ஆகாது. மெதுவாக வெந்தது. கொடுத்தனுப்பினேன். அவர் ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்ட பிறகு தொட்டேன். திரை வெறுமையாக இருந்தது.

கோகிலவாணி கிளம்பும்போது வண்டிவரை போய் ஒன்று கேட்டேன். பெட்டிக்கு உரியவன் இல்லாமலே போய்விட்டால், அவன் பெயருக்கு வந்த சீட்டு என்ன ஆகும்? அதற்கென்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறதாம். போய்ச் சேராத சீட்டெல்லாம் அதில்தான் கிடக்குமாம். யாரும் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லையாம். "நீங்க வந்தாத் திறந்து காட்டறேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதில் யார் யாருக்கு எழுதியது எல்லாம் கிடக்கும் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். இன்று அவர் ஊரில் இல்லை. அடுத்த புதன் போய், பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.